மனுஷக் கை படாத டெஸ்ட்

பாரா எழுதினது ஒரே ஒரு வரி. அதுக்கு வந்த டெஸ்ட் ஒரு டஜன். அத்தனையும் சிவப்பு, ஃபெயில்.

ஆபீஸ்ல அவளுக்குப் பேரே பாராதான். ஒரு வார்த்தையில முடியறதை ஒரு பாராவா எழுதுவான்னு எவனோ வெச்ச பேரு. எழுதாம? வேலையே சாஃப்ட்வேருக்கு வழிகாட்டி எழுதறதுதானே.

இப்ப கையில இருக்கறது கம்பெனியோட புதுப் பெருமை. ஏஐ ஏஜென்ட்னு இருக்கில்ல, நமக்குப் பதிலா டிக்கெட் போடும், மெயில் அனுப்பும், அந்த ஆசாமிக்குப் பின்னாடி ஒரு சர்வர் நின்னு எடுபிடி வேலை செய்யும். அந்த சர்வர் ஒழுங்கா இருக்கான்னு பார்க்க டெஸ்ட் வேணும். அந்த டெஸ்ட்டைத் தானாவே எழுதற கருவி இது. சர்வர் என்ன செய்யும்னு விவரம் எழுதி பட்டனை அமுக்கினா போதும், படிச்சுப் பார்த்து டெஸ்ட்டா கொட்டும்.

நாளைக்குக் காலைல கஸ்டமர் வராங்க. வழிகாட்டியில காட்டறதுக்கு ஒரு சாம்பிள் சர்வர் கொடுத்திருந்தாங்க. எழுதின விவரப்படி அப்படியே நடக்கும், லீவு போடற சர்வர். சாயங்காலத்துக்குள்ள அது எல்லா டெஸ்ட்லயும் பச்சை காட்டினா பாரா சீனியர். இல்லேன்னா வழிகாட்டி மார்க்கெட்டிங்ல இருக்கற கவிஞர் கைக்குப் போயிடும்னு டீம் லீட் சொல்லிட்டாரு. கவிஞர் "கனவுகளின் சர்வர்"னு ஆரம்பிப்பான்.

அவ எழுதின வரி, "தேதி சொன்னா லீவு போடும்." இதுல என்ன தப்பு? கருவி கேக்குது: பிப்ரவரி முப்பதுன்னு சொன்னா? நேத்திக்கு லீவு வேணும்னா? கேக்கறவன் வேலையை விட்டே போயிட்டவன்னா?

"போயிட்டவன் எதுக்குடா லீவு கேக்கறான்?"னு திரையைப் பார்த்தே கத்திட்டா. பக்கத்து சீட்காரர் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டாரு.

சரின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி சேர்த்தா. வரி ஏறினா டெஸ்ட் குறையணும்ல? இல்ல. புது வரி ஒவ்வொண்ணும் குட்டி போட்டுச்சு. அரை நாள் லீவுன்னு எழுதினா, எந்த அரைன்னு கேட்டுச்சு. மதியம்னு எழுதினா, நைட் ஷிஃப்ட்காரனுக்கு எது மதியம்னு கேட்டுச்சு.

கடுப்புல எல்லாத்தையும் அழிச்சுட்டு "லீவு போடும்"னு மட்டும் விட்டா. "யாருக்கு? எப்போ? ஏன்?"னு வந்துச்சு. அவ அம்மாகூட இவ்ளோ கேட்டதில்ல.

அதுக்கப்புறம் வந்ததுதான் அவளை உலுக்கிடுச்சு: "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரே மாசத்துல மூணாவது தடவை லீவு கேட்டா?"

பாராவுக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. அது அவ வீட்டு டெக்னிக். ஸ்கூல் காலத்துலேர்ந்து அவளும் தம்பியும் மாத்தி மாத்தி யூஸ் பண்றது. ஒரு மிஷினுக்கு இது எப்படித் தெரியும்?

தம்பியையே கேக்கலாம், அவனும் போன மாசம் இவ சிபாரிசுல இங்கேதான் சேர்ந்தான், மூணாவது மாடி, ஏஐ டீம். ஆனா என்ன வேலைடான்னு கேட்டா "ரகசியம்க்கா, கையெழுத்து வாங்கியிருக்காங்க"ம்பான். என்னவோ ராக்கெட் விடற மாதிரி.

நேரா டீம் லீட் கிட்ட போனா. "சார், இது டெஸ்ட் எழுதல, வம்புக்கு இழுக்குது. மதியம் சாப்பாட்டு நேரம் பூரா பதிலே இல்ல. இப்ப பட்டன் அமுக்கினா அரை மணி நேரம் கழிச்சு வருது."

அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "லோடும்மா. கொஞ்சம் பார்த்து எழுது. நீ பாட்டுக்கு வரி வரியா சேர்த்தா அதுக்கு மூச்சு முட்டும்ல."

"மிஷினுக்கு மூச்சு முட்டுமா? எனக்கு முட்டுது சார்."

சீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஆத்திரத்துல விவரத்துலயே ஒரு வரி சேர்த்தா: "லூசுத்தனமா கேள்வி கேட்டா இந்த சர்வர் பதில் சொல்லாது." ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. அப்புறம் ஒண்ணே ஒண்ணு வந்துச்சு: "எதிர்ல இருக்கறவங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கறதை இந்த சர்வர் யோசிக்குதா?"

அவ்ளோதான். கருத்துப் பெட்டியைத் திறந்தா. இந்தக் கருவியைப் பெத்தவன் எவனோ, அவனுக்கு வீட்ல அக்கா தங்கச்சி இல்லையா, நல்லது கெட்டது சொல்லிக் கொடுத்து வளர்க்கலையான்னு ஆரம்பிச்சு, முழுசா ஒரு பாரா. அனுப்பிட்டு, வேணும்னே விவரத்துல இன்னும் ஒரு பக்கம் நீட்டி, பட்டனை ஓங்கி அமுக்கினா.

ஆறு மணி. திரை அப்படியே பச்சையா மாறுச்சு. மேல இருந்து கீழ வரைக்கும் பச்சை. புதுசா ஒரு டெஸ்ட்கூட இல்ல. கடைசியில "எல்லாம் பாஸ். போதும்"னு மட்டும் இருந்துச்சு.

திட்டினாதான் மிஷினும் கேக்குது போல. பாரா வழிகாட்டிக்குத் தலைப்பு வரியைத் தட்டினா: "மனுஷக் கை படாம, நொடியில டெஸ்ட் தயார்." டீம் லீட் அதைப் படிச்சுட்டு லேசா இருமினாரு. அப்புறம் கை கொடுத்தாரு. கவிஞர் கூட வந்து வாழ்த்து சொல்லிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். டீ, சமோசா, செல்ஃபின்னு ஒரு மணி நேரம் ஓடிடுச்சு.

பஸ் ஏறி ஜன்னல் சீட் பிடிச்சு உட்கார்ந்தா. சீனியர்னு அம்மாகிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு யோசிக்கறதுக்குள்ள அம்மாவே போன் பண்ணிட்டாங்க. பின்னாடி யாரோ முனகற சத்தம்.

"வரும்போது கை வலிக்கு தைலம் வாங்கிட்டு வாடி. உன் தம்பி விரலெல்லாம் வீங்கிப் போய் வந்து படுத்திருக்கான். அந்த மிஷின் இன்னும் வேலையே செய்யலையாம், இவன்தான் உட்கார்ந்து அத்தனை டெஸ்ட்டையும் கையால அடிக்கிறானாம். எவளோ ஒருத்தி காலைலேர்ந்து விடாம எழுதித் தள்ளிட்டு, கடைசியில வீட்ல அக்கா தங்கச்சி இல்லையான்னு வேற கேட்டாளாம். யாரு அந்தப் பாவின்னு நீ கொஞ்சம் விசாரிச்சு சொல்லு, நான் நாளைக்கு நேர்லயே வரேன்."