அசல் பல்செட்டும் போலிச் சிறகும்

"துவைச்சுட்டா! அத்தனை வருஷத்து அழுக்கையும் ஒரே அலசுல போக்கிட்டா! அழுக்குதான்டி அதோட மதிப்பே!"

கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து கணவர் இதையே சொன்னார். மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அழுக்குக்கு இத்தனை மரியாதை உண்டென்று முன்பே தெரிந்திருந்தால், இவ்வளவு காலம் இந்த வீட்டில் கை தேய உழைத்திருக்கவே மாட்டாள்.

மாமனார் போரில் விமானம் ஓட்டியவர். சீருடையின் மார்பில் தைத்த துணிச் சிறகுதான் அதற்கு அடையாளம். ஞாயிறன்று பழைய விமானிகளின் அணிவகுப்பு. சிறகோடு நடக்க ஆசைப்பட்டுச் சீருடையை மருமகளிடம் கொடுத்தார். அவள் துவைத்தாள்.

ஊரில் இப்போது சிறகு சேகரிப்பதுதான் நாகரிகம். பல் டாக்டர் வீட்டுச் சுவரில்கூடச் சிறகு தொங்குகிறது. ஆகவே போலிகள் பெருகின. ஆகவே ஓர் அலுவலகம் பிறந்தது. ஆகவே அதன் ஒப்புதல் பெறாத சிறகுக்கு அணிவகுப்பில் இடமில்லை.

மூவரும் அந்த அலுவலகத்துக்குப் போனார்கள். கணவர் தாம் சந்தையில் வாங்கிய சிறகையும் எடுத்துக்கொண்டார். பழசாகக் காட்ட யாரோ அதைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்த வாசனை அவள் மூக்கை விட்டுப் போகவில்லை.

அதிகாரி அறையை இருட்டாக்கி, ஊதா விளக்கைப் போட்டார்.

"போர்க்கால நூல் இந்த வெளிச்சத்துல ஒளிராது. ஒளிர்ந்தா போலி. மேல்முறையீடு கிடையாது."

கணவரின் சிறகு கருகருவென்று கிடந்தது. "அசல்!" மாமனாரின் சிறகு நிலாத் துண்டு போல ஜொலித்தது. "போலி." அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"சார், ஜொலிக்கிறது சோப்புத்தூள் சார்! பளிச்சுனு தெரியணும்னு அதுல என்னத்தையோ கலக்குறான்."

"விளக்குக்கு சோப்புத்தூள் எல்லாம் தெரியாதும்மா. அசல், போலி ரெண்டுதான் தெரியும்."

"அதைப் போட்டுக்கிட்டு ஓட்டினவரே இதோ உட்கார்ந்திருக்காரே!"

"அவரை யாரு சரிபார்த்தது?"

கேள்வி தமக்கே நியாயமாகப் பட்டதால், அதிகாரி விளக்கைப் பெரியவர் பக்கம் திருப்பினார். துவைத்த சட்டை பளீரென்றது. பெரியவர் சங்கடமாகச் சிரித்தார். பல்செட் மட்டும் இருட்டாகவே இருந்தது.

"ஆள் போலி. பல் அசல்," என்று தீர்ப்பானது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. விளக்கை வெடுக்கென்று பிடுங்கி அதிகாரியின் மேல் அடித்தாள். காலர் ஒளிர்ந்தது, வாயைப் பிளந்தார், சொந்தப் பல்வரிசையும் ஒளிர்ந்தது. சட்டென்று மூடிக்கொண்டார்.

"அப்போ நாமெல்லாம்..." என்று ஆரம்பித்த கணவர், தம் பல்லின் வெளிச்சம் மேஜைக் கண்ணாடியில் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். அவளும் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

மாமனார் இழுப்பறையை நோக்கிக் கையை நீட்டினார்.

"என் சிறகைக் கொடுத்துடுங்கப்பா. ஞாயித்துக்கிழமை நான் நடக்கணும்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பல் ஒளிருமே.