தூக்குக்குண்டுக்கு அடங்காத கால்கள்

குன்சான்,
துறைமுகத் தெரு.

மதிப்புக்குரிய சுன்-ஜோங் அக்காவுக்கு,

தம்பி சாங்-கு தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. பார்லி கதிர் விடும் இந்த நாளில் மோக்போவில் நீங்களும் அத்தானும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். எழுத முடியவில்லை அக்கா. என் வீடு வீடாக இல்லை.

எல்லாம் என் மகள் நாரேயின் முதல் பிறந்தநாளில் ஆரம்பித்தது. வழக்கப்படி நூல், தூரிகை, அரிசி என்று மேசையில் பரப்பி, குழந்தை எதை எடுக்கிறாள் என்று சொந்தபந்தம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நூல்கண்டை எடுத்தாள், நீண்ட ஆயுள். அதைக் கொண்டாட விட்டீர்களா? அவள் பட்டுப் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கி, "அடப்பாவி, என்னடா இது? இந்தக் காலு நடுவுல ஒரு முலாம்பழம் உருண்டு போயிடும் போலிருக்கே! நாளெல்லாம் முதுகுல கட்டிக்கிட்டுத் திரியிறியே, அதான் வளைஞ்சுபோச்சு" என்று ஊர் பார்க்கப் போட்டு உடைத்தீர்கள். அப்புறம் நிம்மதியாக அரிசிக் கேக் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிட்டீர்கள். மாட்டிக்கொண்டவன் நான்.

கதவும் ஜன்னலும் செய்து பிழைக்கிறவன் நான். ஒரு சட்டம் மயிரிழை சாய்ந்திருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அன்று சாயங்காலமே நாரேயைச் சுவரோரம் நிறுத்தி, நிலைச்சட்டத்துக்கு நேர் பார்க்கிற தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நூல் ஒரு வழி போகிறது, கால் வேறு வழி போகிறது. அவள் குண்டைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். இந்தக் காலோடு பள்ளிக்கூடம் போனால் மற்றப் பிள்ளைகள் என்ன பட்டப்பெயர் வைப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாளே பிள்ளையை முதுகில் கட்டும் துணியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். என் முதுகில், இழைப்புளிச் சத்தத்தில் மட்டுமே தூங்கிப் பழகியவள் அவள், ஊரைக் கூட்டிவிட்டாள். ஈரத்துணி மாற்றும்போது "நீளு, நீளு" என்று காலை நீவி இழுப்பது எல்லார் வீட்டு வழக்கம்தான், ஆனால் நான் துணி நனையாதபோதும் இழுத்தேன். அவள் விட்ட உதையில் என் முன்பல் ஆடுகிறது. டோஃபு விற்கிற அம்மாள், "மாட்டெலும்பை நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுங்க, எலும்பு தானா நிமிரும்" என்றாள். குழந்தை ஒரு கரண்டி குடித்துத் துப்பியது, மிச்சத்தை வீணாக்குவானேன் என்று பானை பானையாக நான் குடித்து இப்போது எனக்கு இடுப்புவார் எட்டவில்லை. கீழ்வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "தூங்கும்போது முட்டி ரெண்டையும் சேத்துக் கட்டிடணும்" என்றார். வீட்டுக்காரி இன்-சுக்கின் கழுத்துத் துணியை எடுத்துக் கட்டினேன். நாரே உருட்டுக்கட்டை மாதிரி உருண்டு மெத்தை அலமாரிக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டு வீரிட்டாள். இன்-சுக் ஓடிவந்து பார்த்தாள். "நாரே அப்பா, இது புள்ளையா, இல்ல நீங்க பசை தடவி இறுக்கி வெக்கிற பலகையா? இன்னொரு தடவை கட்டினீங்க, புள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கண்ணயர்ந்தபோது அதே துணியால் என் முட்டிகளைக் கட்டிவிட்டாள். டெலிபோன் மணி அடித்தது, துள்ளி எழுந்தேன், மறுநாள் கொடுக்க வேண்டிய கண்ணாடிக் கதவின் மேலேயே போய் விழுந்தேன். கூப்பிட்டது நீங்கள்தான் அக்கா, கால் நிமிர்ந்துவிட்டதா என்று கேட்க.

கடைசியில் ஜொன்ஜுவில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம். நாரேயை நிற்கவைத்து, நடக்கவைத்து, இடுப்பை அசைத்துப் பார்த்தார். "வயித்துக்குள்ள சுருண்டு கிடந்த புள்ளை, காலு வளைஞ்சுதான் இருக்கும். ரெண்டு வயசு வாக்குல தானா நேராகும். அப்புறம் கொஞ்ச காலம் முட்டி ரெண்டும் இடிச்சுக்கும், அதுக்கும் அலறிக்கிட்டு வராதீங்க. ஒரு காலு மட்டும் ரொம்ப வளைஞ்சா, நொண்டினா, ரெண்டு வயசுக்கு மேல வளைவு கூடிக்கிட்டே போனா வாங்க. இழுக்கக் கூடாது, கட்டக் கூடாது. வெயில்ல விளையாட விடுங்க, இந்த வைட்டமின் சொட்டைக் குடுங்க."

"முதுகுல தூக்கினதாலதானே இப்படி ஆச்சு?" என்றேன்.

"அப்படிப் பாத்தா இந்த நாட்டுல ஒருத்தர்கூட நேரா நிக்க முடியாதே" என்றவர், "ஆமா, நீங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்றார். நின்றேன். என் காலைப் பார்த்தார், குழந்தையின் காலைப் பார்த்தார், மறுபடியும் என் காலைப் பார்த்தார். இன்-சுக் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நம் குடும்பத்துக் கால்களைப் பற்றி இதற்கு மேல் எழுத, மூத்தவர் என்கிற மரியாதை என்னைத் தடுக்கிறது.

இதோடு என் கவலை தீர்ந்திருக்க வேண்டும். நேற்றுப் பட்டறையில் பழையபடி குந்தி உட்கார்ந்து, "வாடி தங்கம், அப்பா முதுகுல ஏறிக்கோ" என்று கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முழங்கால்களைப் பொத்திக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். மறுபடியும் கட்ட வருகிறேன் என்று நினைத்துவிட்டாள். பெற்ற பிள்ளை என்னைக் கண்டு முழங்காலை மறைக்கிறது அக்கா. கால் நிமிர்ந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இது சரியாகுமா என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே அந்த முதுகுத்துணியை நெத்திலிக் கருவாட்டோடு பொட்டலம் கட்டி உங்களுக்கே அனுப்புகிறேன். உங்கள் மருமகள் உண்டாகியிருக்கிறாளே, அவளுக்கு ஆகட்டும். அதைப் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. இனி நான் யாரையும் தூக்கப்போவதில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். அடைமழைக்கு முன் உங்கள் முழங்கால்கள் நல்ல குணம் காணட்டும்.

இப்படிக்கு,
குறையுள்ள தம்பி,
மேங் சாங்-கு

பின்குறிப்பு: பொட்டலத்தில் நெத்திலி மட்டும்தான் இருக்கும். துணியைத் தரையில் விரித்து மடித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஓடிவிடுவாளோ என்று பயந்து, மூச்சுக்கூட விடாமல் குந்தியபடியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகில் ஒரு சின்ன மூக்கு வந்து அழுந்தியது. இந்த வரிகளை அவளை முதுகில் கட்டியபடி நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் இரண்டு காலாலும் என் இடுப்பைக் கவ்விப் பிடித்திருக்கிறாள். இந்தக் கால்கள் அவசரப்பட்டு நிமிர வேண்டாம் அக்கா.