இரண்டாவது கம்பி

இனிமேல் பஸ் ஏறமாட்டேன் என்று போன மாதம் சபதம் செய்தேன்.

காரணம் ஒரு பெட்டி. ஐந்து மணி நேரப் பயணத்தில் ஒரு பழக்கிடங்கு. அங்குள்ள குளிர் இயந்திரங்களை நான் வீட்டிலிருந்தே கவனிப்பது அந்தப் பெட்டி வழியாகத்தான். இன்டர்நெட் போனால் பெட்டி ஊமை. நான் பஸ்ஸில்.

என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் பிரிக்கும்போது நீங்க எதிர்ல இருக்கணும் என்றாள். நாற்பது வருஷத்தில் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். ஆகவே, ஒரு இன்டர்நெட் லைன் செத்தால் இன்னொன்று என்று முடிவு செய்து அவளிடம் சொன்னேன்.

"ரெண்டாவது கம்பி இழுக்கப்போறேன். வேற கம்பெனி."

"எந்தக் கம்பத்துல வருது?"

"கிடங்கு வாசல் கம்பம்."

"முதல் கம்பி?"

"அதுவும் அங்கதான். அதுக்கென்ன?"

"கம்பம் விழுந்தா?"

"அது எதுக்குடி விழணும்?"

"பெட்டியில சிம் போட இடம் இருக்குன்னீங்களே?"

"முப்பது வருஷம் இதுல குப்பை கொட்டினவன் நான். எனக்கே பாடமா?"

"நான் எதுக்குச் சொல்றேன்!" உள்ளே போய்விட்டாள். அவ்வளவு சீக்கிரம் அடங்குகிறவள் இல்லை. எனக்கு உறைக்கவில்லை.

கம்பி இழுக்கக் கடைசித் தடவையாக பஸ்ஸுக்குக் கிளம்பியபோது என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். "கிடங்கு எலக்ட்ரீஷியன்கிட்ட குடுங்க. அவர் வீட்டம்மா பட்டன் கேட்டாங்க."

பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவள் செல்லுக்குக் கூப்பிட்டால் கிடைப்பதில்லை. கேட்டால், "ஒரே வீட்லதானே இருக்கோம், வாயால கூப்பிடுங்க" என்பாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் பத்து மணிக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும். ஆபரேஷன் நடந்த அன்றே மத்தியானம் கிடங்கு எலக்ட்ரீஷியன் போன் செய்தான்.

"சார், லாரி ரிவர்ஸ் எடுத்துக் கம்பத்தைச் சாய்ச்சிடுச்சு. ரெண்டு இன்டர்நெட் கம்பியும் போச்சு."

சத்தமில்லாமல் பையை எடுத்தேன். அவளுக்கு ஒரு கண்ணில் கட்டு, மறு கண் மங்கல். ஆனாலும் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பஸ்ஸுக்கா?"

"ம்."

"கம்பமா?"

பையின் ஜிப்பை இழுத்தேன்.

"தலகாணிக்கு அடியில ஒரு சீட்டு இருக்கு. அதுல உள்ள அட்ரஸை கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பாருங்க."

அடித்தேன். பெட்டி பேசியது. பன்னிரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"இது எப்படிடி?"

"என் சிம்மு. பட்டனோட வெச்சு அனுப்பினேன். எலக்ட்ரீஷியன்தான் பெட்டியில போட்டு, இந்த அட்ரஸையும் குடுத்தார். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"அப்ப உனக்குப் போன்?"

"எனக்கு எதுக்கு? நான் பேசற ஆள் பக்கத்துலதானே இருக்கணும்."

பையை உள்ளே வைத்தேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கண்ணில் தூசி.

மறுநாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். நான் நேர் எதிரில், நிமிர்ந்து நின்றேன்.

"என்னம்மா தெரியுது?"

உற்றுப் பார்த்தாள்.

"சொன்னாக் கேக்காத மனுஷன் ஒருத்தர். ஷேவ்கூடப் பண்ணலை."