அசையாமல் ஆடிய தேவாங்கு

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. நல்ல அறிவாளி. பெரிய கண், மெல்லிய கைகால், ஆழ்ந்த சிந்தனை. இவ்வளவு புகழ்வதற்குக் காரணம், அந்தத் தேவாங்கு நான்தான். மனிதர்கள் தங்கள் பிள்ளைகளைத் திட்டுவதற்கு எங்கள் இனத்தின் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்வி. பயன்படுத்திக்கொள்ளட்டும். ஏதோ ஒரு வகையில் பேசப்படுகிறோம்.

எங்கள் காட்டில் சிங்கம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்குமே கிடையாது. கதைகளில் மட்டும் எப்படி வந்து ராஜாவாக உட்கார்ந்ததோ தெரியவில்லை. எங்களுக்குத் தலைவர் ஒரு மிளா மான். கொம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது.

எங்கள் காட்டுக்கும் மேலைக்காட்டுக்கும் நடுவில் ஒரு மடு இருக்கிறது. கோடையில் தண்ணீர் அங்கே மட்டும்தான். யார் முதலில் குடிப்பது என்று அந்தக் காலத்தில் கொம்பால் குத்திக்கொண்டார்கள். பிறகு காட்டோரத்துச் சுற்றுலா விடுதி மூடிப்போய், அதன் விளையாட்டு அறையும் கூரையிலிருந்த சூரியத் தகடுகளும் எங்கள் கைக்கு வந்தன. நாகரிகம் வளர்ந்தது. இப்போது ஆண்டுக்கொரு முறை வீடியோ கேம் ஆடி முடிவு செய்கிறோம். ஜெயித்த காடு முதலில் குடிக்கும். தோற்ற காடு, ஜெயித்தவர்கள் குடித்து, குளித்து, புரண்டு எழுந்த பிறகு மிச்சமிருக்கும் சேற்றைக் குடிக்கும்.

போன கோடையில் நாங்கள் தோற்றோம். புள்ளிமான் குட்டிகள் சேற்றை நக்கியதைக் கிளையிலிருந்து பார்த்தேன். பாவமாக இருந்தது. அதற்காக இறங்கி ஏதாவது செய்தேனா என்றால், இறங்குவதற்குள் கோடை முடிந்துவிட்டது.

இந்த ஆண்டு போட்டி எங்கள் பக்கம் நடந்தது. எந்தக் கருவியில் ஆடுவது என்பதை நடத்துகிற காடு முடிவு செய்யும். எந்த ஆட்டம் என்பதை வருகிற காடு அந்த நேரத்தில் சொல்லும். இதுதான் விதி.

விடுதியில் மூன்று கருவிகள் கிடைத்தன. மூன்றுமே உடம்பை அசைத்து ஆடுகிறவை. ஒன்று, கையில் பிடித்து வீசும் கோல். இன்னொன்று, ஏறி நின்று சாய்கிற பலகை. கடைசி, எதையும் பிடிக்க வேண்டாம், முன்னால் நின்று ஆடினால் பார்த்தே புரிந்துகொள்ளும் கேமரா.

"வே, நம்மள்ல படிச்சவரு நீரு ஒருத்தர்தான். எது தேவலைன்னு பாத்துச் சொல்லும்" என்றார் தலைவர்.

நான் ஒப்பீட்டில் இறங்கினேன். இறங்கினேன் என்றால் கிளையிலிருந்து அல்ல. கிளையில் உட்கார்ந்தபடியே மற்றவர்களை ஆடச் சொல்லிப் பார்த்தேன். எதையும் தொடவில்லை. விமர்சகன் தொட்டுவிட்டால் நடுநிலை போய்விடும் என்பது என் கொள்கை. சோம்பேறித்தனத்துக்கும் கொள்கைக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

டென்னிஸுக்குக் கோலை அடித்துக்கொள்ள ஆளில்லை. மலையணில் வீசிய வீச்சில் பந்து பறந்தது. ஆனால் பந்து உருட்டும் ஆட்டத்தில் குரங்கு ஒன்று மணிக்கட்டு வாரை மாட்டாமல் வீச, கோலே பறந்து தலைவரின் மூக்கில் இறங்கியது. நடனத்துக்கு அது சுத்தமாக ஆகாது. அதற்குக் கை மட்டும்தான் தெரியும். மலையணில் பலாச்சுளை தின்றுகொண்டே, உட்கார்ந்த இடத்தில் மணிக்கட்டை ஆட்டியது. 'அபாரமான நடனம்!' என்றது திரை.

பலகை பனிச்சறுக்குக்கு என்றே பிறந்தது. காட்டுப்பன்றி அதில் சாய்ந்து சாய்ந்து மலையிறங்கிய அழகைப் பார்த்துப் பனியையே பார்த்திராத நாங்கள் குளிரில் நடுங்கினோம். அப்புறம் காட்டெருமை ஏறியது. அதன் பிறகு எங்களிடம் இரண்டு பலகைகள் இருந்தன.

கேமரா, நடனத்துக்கு நல்லது. வாள்சண்டைக்கு ஆபத்து. நாம் வாளை வீசியதை அது பார்த்து, யோசித்து, திரையில் காட்டுவதற்குள் தலை உருண்டிருக்கும். மயில் தோகையை விரித்தபோது ஒரு கூட்டமே ஆட வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டது. சாரைப்பாம்பிடம், 'தயவுசெய்து எழுந்து நிற்கவும்' என்று கெஞ்சியது. இரண்டு காலில் நின்று இரண்டு கையை ஆட்டும் உருவம்தான் அதற்கு உயிர். மற்றதெல்லாம் மேஜை நாற்காலி.

எல்லாவற்றையும் நீளமாக எழுதிச் சபையில் வாசித்தேன். 'ஒருபுறம் பார்த்தால்' என்று தொடங்கிய வாக்கியங்கள் எல்லாம் 'மறுபுறம் பார்த்தால்' என்று முடிந்தன. மூன்றுக்கும் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தேன்.

"வே, மூணுக்கும் மூணரைன்னா நான் எதைத் தூக்கிட்டு வர?" என்றார் தலைவர்.

கூட்டம் என்னையே பார்த்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். "கேமரா" என்றேன். "கையில் எதுவும் இல்லாமல் ஆடுவதுதான் எதிர்காலம்." என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் கைதட்டல் பலமாக இருந்தது.

"ரொம்ப சரி. அப்போ நீரே ஆடிரும்" என்றார் தலைவர்.

எங்கள் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பழம் ஒன்றை நல்லது என்று யார் சொல்கிறாரோ அவர்தான் முதல் கடி கடிக்க வேண்டும். கருவியும் பழம்தான் என்று சபை முடிவெடுத்தது. ஒப்பீடு எழுதுகிறவனுக்கு இந்த வழக்கம் எப்படி மறந்தது என்று கேட்காதீர்கள். மனிதர்களிடம் இந்த வழக்கம் இருந்திருந்தால் பாதி விமர்சகர்கள் ஊமையாகியிருப்பார்கள்.

போட்டி நாள் வந்தது. கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் விடுதிக்கு வெளியே, நடுப்பகலில் வைத்தார்கள். அது நான் தூங்குகிற நேரம். இதையும் என் ஒப்பீட்டில் சேர்க்க விட்டுப்போயிருந்தது.

மேலைக்காட்டின் ஆட்டக்காரன் குணாளன் என்ற கருமந்தி. என்னை மேலும் கீழும் பார்த்தான். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை, நான் ஒரு சாண்தான். "டான்ஸ் வச்சிக்கிடுவோம்" என்றான்.

அவன் முதலில் ஆடினான். நன்றாகத்தான் ஆடினான். திரையோரத்தில் புள்ளிக் கணக்கைக் காட்டும் மஞ்சள் கோடு ஒன்று ஏறிக்கொண்டே போய், உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றது. நான் அதைத் தாண்ட வேண்டும்.

என்னைத் தூக்கி ஒரு மரக்கட்டைமேல் நிறுத்தினார்கள். எனக்குப் பின்னால், வேங்கை மரத்தடியில், செங்கமலம் என்கிற கரடி தேன் டீ விற்றுக்கொண்டிருந்தாள். கூட்டம் இருபுறமும் நின்றது. முன்வரிசையில் புள்ளிமான் குட்டிகள். அவற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் வெளியே வருவதற்கும் என்னிடம் நேரமாகும் என்பதால் யாரும் பார்க்கவில்லை.

நான் வலக்கையைத் தூக்கத் தொடங்கினேன்.

'விளையாடுபவரைக் காணவில்லை' என்றது இயந்திரம். 'தயவுசெய்து கேமரா முன் வரவும்.'

மேலைக்காட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கை அப்போதுதான் இடுப்பருகே வந்திருந்தது.

திடீரென்று, 'விளையாடுபவர் கண்டறியப்பட்டார்!' என்றது. பாட்டு தொடங்கியது. திரையில் ஒரு உருவம் இடுப்பை இடமும் வலமும் வெட்டி வெட்டி ஆடியது. தோளைக் குலுக்கியது. சரிந்து, எழுந்து, சுழன்றது. என் மஞ்சள் கோடு விறுவிறுவென்று ஏறியது. நான்தான் ஆடுகிறேன் என்று ஒரு கணம் நம்பினேன். இல்லை, மறைப்பானேன், பாதிப் பாட்டு வரை நம்பினேன்.

பிறகுதான் பின்னாலிருந்து 'சரக் சரக்' என்று சத்தம் கேட்டது. கழுத்தை மட்டும் திருப்பினேன். தேன் குடத்துக்கு வந்த எறும்புகள் செங்கமலத்தின் முதுகில் ஏறிவிட்டிருந்தன. அவள் இரண்டு காலில் எழுந்து நின்று வேங்கை மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேமரா என் தலைக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோடு குணாளனின் இடத்தை நெருங்கியது. அந்த நேரம் பார்த்து அவளுக்கு அரிப்பு நின்றது. "அப்பாடா" என்று நாலு காலில் இறங்கிவிட்டாள்.

'விளையாடுபவரைக் காணவில்லை' என்றது இயந்திரம். பாட்டு முடியப்போகிறது. மிளாவின் முகம் கறுத்தது. 'எறும்புகளே, கடியுங்கள்' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். நான் அந்தக் கோடைக்காகச் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

எறும்புகள் கேட்கவில்லை. ஆனால் வியாபாரம் கேட்டது. ஆட்டம் முடியப்போகிறது, கூட்டம் கலைந்தால் டீ ஆறிவிடும் என்று செங்கமலம் மறுபடி எழுந்தாள். இரண்டு கையிலும் டீத் தட்டைத் தலைக்கு மேலே உயர்த்தி, "டீய்! தேன் டீய்!" என்று கத்தினாள்.

நடனத்தின் கடைசி நிலையே இரண்டு கையையும் உயர்த்தி நிற்பதுதான். 'அபாரம்!' என்றது திரை. கோடு குணாளனைத் தாண்டியது.

காடு அதிர்ந்தது. "அசையாமலே ஆடிட்டேரே வே!" என்று தலைவர் என்னைக் கொம்பில் தூக்கிக்கொண்டார்.

"இவரு ஆடவே இல்லையே!" என்று குணாளன் கத்தினான். பாவம், அந்த இடத்தில் உண்மை பேசிய ஒரே பிராணி.

"உமக்குத் தெரியாது வே. அதுதான் டெக்னாலஜி" என்றார் தலைவர்.

நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'இல்லை' என்பதில் 'இ' வருவதற்குள் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. மிச்ச எழுத்துகள் மாலைக்குள் சிக்கிக்கொண்டன.

அந்தக் கோடையில் புள்ளிமான் குட்டிகள் தெளிந்த தண்ணீர் குடித்தன. அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். செங்கமலமும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, நீ ஜோரா ஆடினியாமே. எனக்குப் பாக்கக் குடுத்து வைக்கல. முதுகுல ஒரே எறும்பு, பாத்துக்கோ" என்றாள்.

"பரவாயில்லக்கா" என்றேன்.

இப்போது நான்தான் காட்டின் நிரந்தர ஆட்டக்காரன். என் மேதைமைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று, டீக்கடையை மடுவுக்கு அந்தப் பக்கம் மாற்றும்படி சபை தீர்மானம் போட்டது. அன்றிலிருந்து எனக்குப் பகலிலும் தூக்கமில்லை. கடையைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும் என்று தலைவரிடம் மன்றாடினேன். ஜெயித்தவனின் பெருந்தன்மை என்று அதற்கும் மாலை போட்டுச் சம்மதித்தார்.

அடுத்த போட்டிக்காகப் புதிய ஒப்பீடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவுகள் இதுவரை தெளிவு. மெல்லிசைக்குச் சிற்றெறும்பு போதும். கிராமிய நடனத்துக்குக் கட்டெறும்பு. குத்துப்பாட்டு என்றால் முசுறு எறும்புதான், அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்த முறை மூன்றுக்கும் ஒரே அளவு நட்சத்திரம் கொடுக்கப்போவதில்லை. நான் எதையும் தொடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நீதி: எந்த ஆட்டத்துக்கு எந்தக் கருவி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். நன்றாக அரிப்பெடுத்த ஒருவரைப் பின்னால் நிறுத்திவிட்டு, நீங்கள் முன்னால் போய் அசையாமல் நில்லுங்கள்.