ஒலிபெருக்கி ஒயரும் இரண்டாம் ஓலையும்

செஞ்சி,
வெள்ளிக்கிழமை.

அனந்தபுரம் சம்பந்தி பிலவேந்திரன் அவர்கள் சமூகத்துக்கு, பெண் வீட்டுச் சவரிமுத்து தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே வெயிலைத் தவிர அனைவரும் நலம். தங்கள் நலத்தைப் போனில் விசாரிக்க முயன்றேன். ஒரே ஒரு முறை எடுத்தீர்கள், மூச்சு மட்டும் கேட்டது. ஆகவே தபால்.

தங்கள் மகன் சேசுராஜ் - என் மகள் ஜாஸ்மின் திருமணத்துக்காகக் கோயிலில் வாசிக்க வேண்டிய இரண்டாம் ஓலையை நிறுத்தி வைக்கும்படி தாங்கள் சொல்லியனுப்பியதாகப் பங்குச் சாமியார் சொன்னார். தங்கள் துணைவியார் மரியசெல்வி அம்மாள் பஸ் ஸ்டாண்டில் பேசியதும் காதுக்கு வந்தது. "பொண்ணுக்கு இன்னா வேலைன்னு கேட்டா, அடுத்தவங்க எழுதி வெச்சத அழிக்கிற வேலையாம். நாளைக்கு நம்ம வீட்ல இன்னாத்த அழிக்குமோ!" கேள்வி நியாயமானது. நானும் என் மகளிடம் கேட்டிருக்கிறேன்.

"நைனா, இது ஜாவாஸ்கிரிப்ட் பிரேம்வொர்க். சாரம் மாதிரி. இதும்மேல நின்னுதான் மத்தவங்க வெப்சைட் கட்றாங்க. பத்து வருஷமா ஆளாளுக்கு எழுதிக் குவிச்சிருக்காங்க. யாருக்கும் உதவாததப் பாத்துப் பாத்து எடுக்கறேன், அவ்ளோதான்."

"மொத்தமா எடுத்துட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே?"

"ஐயோ! துளித்துளியாத்தான் எடுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் இன்னொருத்தர் பாத்து சரின்னு சொல்லணும்."

எடுக்கப்போவதை எல்லோரும் அறியச் சொல்லி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால்தான் கை வைக்கிறார்கள். நம் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று சாமியார் கேட்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. செஞ்சிக்கு இப்படிக் கேட்டு எடுக்கும் பழக்கம் புதிது. இங்கே கோட்டையை ஆளவந்த ஒவ்வொருவரும் முன்னவர் கட்டியதோடு இன்னொரு சுவரைச் சேர்த்தார்களே ஒழிய, எதையும் யோசித்து எடுத்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு நல்ல முறையை வீட்டிலும் கடைப்பிடிக்கலாமே என்று எனக்குத் தோன்றியதுதான் வினை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஒரு கறுப்பு ஒயர் ஓடுகிறது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முறைப்படி அறிவித்தேன். என் மனைவி அமலா வடை தட்டிக்கொண்டே, "இன்னாவோ பண்ணித் தொலைங்க" என்றாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வெட்டினேன். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. எனக்குப் பரம திருப்தி.

அந்த ஒயர் கோயிலிலிருந்து தெருமுனைப் புளியமரத்து ஒலிபெருக்கிக்குப் போகிறது என்பது ஞாயிறு மதியம்தான் தெரிந்தது. சாமியார் முதல் ஓலையைத் தெளிவாக வாசித்தார். முன்வரிசையில் இருந்த நான் சாட்சி. அதைக் கேட்பதற்கென்றே அனந்தபுரத்திலிருந்து வந்த தாங்கள், நம் ஆண்கள் வழக்கப்படி, பூசை முடியும்வரை உள்ளே வராமல் புளியமரத்தடியிலேயே நின்றீர்கள். மரம் வாய் திறக்கவில்லை. மகன் பெயர் காதில் விழாததால் பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள் என்று முடிவு செய்து, காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள்.

குற்றம் என்னுடையது. ஒயரை மறுநாளே ஒட்டுப்போட்டாயிற்று. ஆனால் ஜாஸ்மின் என்னைப் போல அல்ல. பயன்பாட்டில் உள்ள ஒன்றை அவள் இதுவரை தொட்டதில்லை, தொடவும் மாட்டாள். அந்தக் கவனத்தை நம்பித்தான் பெண் கொடுக்கிறேன், தாங்களும் அதை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். சாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மரியசெல்வி அம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்.

இப்படிக்கு,
ம. சவரிமுத்து

பி.கு.: உறைக்குப் பசை தடவும்போது முன்னறையில் கூச்சல். போன வாரம் ஜாஸ்மின் எடுத்த ஒரு வரியை நம்பித்தான் ஏதோ ஒரு தேசத்தில் சவப்பெட்டிக் கடைகளின் வெப்சைட்டெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததாம். இன்று காலையிலிருந்து அங்கே யாராலும் ஒன்றுகூட வாங்க முடியவில்லை. ஆகவே மேலே அவளுடைய கவனத்தைப் பற்றி எழுதியதைத் தள்ளிப் படிக்கவும். இந்த வருடம் எடுத்ததையெல்லாம் திரும்ப வைக்கும்படி உத்தரவு வந்திருக்கிறது. எனவே அழிக்கிற வேலை என்ற தங்கள் வீட்டு ஆட்சேபத்துக்கு இன்று மதியம் முதல் ஆதாரமில்லை. வைத்து முடிக்கத் திங்கட்கிழமை ஆகிவிடும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறாள். இரண்டாம் ஓலை இந்த ஞாயிறே வாசிக்கப்பட்டால் நல்லது.