கோடிட்ட இடத்தில் வெந்த கொழுந்து

இங்கிலீஷில் வினைச்சொல்லைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அது பாட்டுக்குச் சொன்ன இடத்தில் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பின்னால் 'ஆன்', 'இன்', 'டு', 'அட்' என்று பொடிப்பொடியாக ஒன்று வரும் பாருங்கள், அதுதான் ஆளைக் கொல்லும். தமிழில் 'உங்களை நம்பி' என்றால் அந்த 'ஐ' பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். இங்கிலீஷிலோ அது, மாப்பிள்ளை வீட்டு ஆளா பெண் வீட்டு ஆளா என்று தெரியாத கல்யாண விருந்தாளி மாதிரி தனியாக நிற்கும். பந்தியில் உட்கார வைப்பதா, எழுப்பி விடுவதா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த முடிவை எடுக்க முடியாமல் நான் ஒரு லாரித் தேயிலைக் கொழுந்தை வேக வைத்தேன்.

தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. நீலகிரியில் ஜெகதளாப் பக்கம் எங்களைப் போல அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்தவர்கள் எல்லாம் கொழுந்தைப் பறித்து ஒரு தனியார் ஃபேக்டரிக்குக் கொடுத்துவந்தோம். தூள் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது, இனிமேல் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் உங்கள் ஊர்க் கொழுந்தை எடுப்போம் என்று அவர்கள் திடீரெனச் சொல்லிவிட்டார்கள். நல்ல மழை பெய்து செடியெல்லாம் தளதளவென்று துளிர்த்து நின்ற நேரம். செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் துளிர்க்கத் தெரியுமா? பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். முற்றினால் எந்த ஃபேக்டரியும் தொடாது. ஊர் மொத்தத்துக்கும் அடுப்பு எரிந்தது அந்தக் கொழுந்தில்தான்.

மேனேஜரிடம் போய்க் கெஞ்சினோம்.

"முதலாளி வெள்ளிக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து வர்றாருங்க. தினமும் எடுக்கச் சொல்லி இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. வாயில சொன்னா அவரு காதுல ஏறாது" என்றார் அவர்.

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. நான் அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தேன். (முடித்தது பி.ஏ.வா நானா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு.)

"அதுக்கென்னங்க, நம்ம பையன் ஒரே இழுப்புல எழுதிப் போடுவான்" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை மத்தியானம். காலையில் பறித்த கொழுந்தையெல்லாம் சாக்குகளில் அடைத்து ஏற்றிக்கொண்டு லாரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதில் போக வேண்டிய மனு மட்டும்தான் பாக்கி. நானோ 'உங்கள் ஃபேக்டரியை நம்பி இருக்கிறோம்' என்கிற வாக்கியத்தில் 'டிபெண்ட்' வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். அடுத்து என்ன? 'ஆன்' என்று எழுதினேன். யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டு 'இன்' போட்டேன். அது இன்னும் பலமாகச் சிரித்தது. அகராதியைப் புரட்டினால் 'ஆன்' போடலாம், 'அப்பான்' என்றும் போடலாம் என்றது. ஒன்று சரி, மற்றது தப்பு என்றால் மனுஷன் பிழைத்துக்கொள்வான். இரண்டுமே சரி என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வெளியே மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கொழுந்து என்பது உயிருள்ள சாமான். சாக்கில் அமுக்கி அடைத்து வெயிலில் நிறுத்தினால் தானாகவே சூடேறி உள்ளுக்குள் வெந்து சிவந்துவிடும். இது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். பி.ஏ.வுக்குத் தெரியாமல் போனது.

"டேய், வண்டி நிக்குதுடா!" என்று ஜன்னலில் அப்பாவின் முகம் வந்தது.

"ஒரு வார்த்தைதானுங்கப்பா பாக்கி."

"ஒரு வார்த்தைக்கா இத்தனை நேரம்? அதை உட்டுட்டு மிச்சத்தை எழுதுடா!"

அப்பா கோபத்தில் சொன்னார். நான் அதை யோசனையாக எடுத்துக்கொண்டேன். எங்கெல்லாம் அந்தப் பொடிச் சொல் வர வேண்டுமோ அங்கெல்லாம் கோடு போட்டு இடம் விட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று 'அப்பான்' நுழைகிற அளவுக்குத் தாராளமாகவே விட்டேன். லாரியில் போகும்போது நிரப்பிக்கொள்வதாகத் திட்டம். எல்லோரும் நம்பிக்கையோடு கையெழுத்துப் போட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் நான் நிரப்பியதெல்லாம் முன் சீட்டு ஜன்னலுக்கு வெளியேதான். (காலையில் சாப்பிட்டது உப்புமா.)

ஃபேக்டரி முற்றத்தில் முதலாளியே நின்றிருந்தார். ஊர் சார்பில் என்னோடு வந்திருந்தவர் சரசு அக்கா. சிலோன் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் அரை ஏக்கர் போட்டவர். "குடு தம்பி, என்னா முழிக்கிற?" என்று என்னை முன்னால் தள்ளினார். கொடுத்தேன்.

முதலாளி படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"ஏனுங்க தம்பி, இது மனுவுங்களா, பரீட்சைத் தாளுங்களா?"

அவசரத்தில் என் வாயில் வந்தது இதுதான்: "அந்த இடத்தையெல்லாம் முதலாளி இஷ்டத்துக்கு விட்டிருக்கோமுங்க!"

அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'டிபெண்ட்' வரைக்கும் வந்தார். பேனா அந்தரத்தில் நின்றது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மத்தியானம் முழுக்க அதை நான்தான் வைத்திருந்தேன்.

"ஏனுங்க மேனேஜர், இதுக்கு 'ஆன்'தானுங்களே?"

"'அப்பான்'ன்னு போட்டா கொஞ்சம் எடுப்பா இருக்குமுங்க."

"கான்வென்ட்ல படிச்சவன் நானு. எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"அப்புறம் எதுக்குங்க என்னைக் கேட்டீங்க?"

தூள் அரைப்பதை மேற்பார்க்கும் டீ மேக்கர் உள்ளேயிருந்து தலையை நீட்டி "'வித்' வராதுங்களா?" என்றார். இருவரும் அவர்மேல் பாய்ந்தார்கள். வாதம் அடுத்த கோட்டுக்குத் தாவியது. லாரி வெயிலில் நின்றது.

கடைசியில் டிரைவர்தான் குரல் கொடுத்தார்: "ஏனுங்க, இங்கிலீசு முடிஞ்சா இட்டிலியை எறக்கலாமுங்களா? வெந்துருச்சு."

முதலாளி ஓடி வந்து ஒரு சாக்கில் முழங்கை வரைக்கும் கையை விட்டார். கொழுந்து வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். விட்ட வேகத்தில் வெளியே இழுத்து உதறினார். விரலில் ஒட்டியிருந்த இலை செங்கல் நிறத்தில் இருந்தது.

"திருப்பி அனுப்புங்க" என்றார் மேனேஜர்.

ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்ததையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன், ஊருக்குள் எந்த வழியாக நுழைவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சரசு அக்கா முன்னால் வந்தார்.

"அய்யா, நாங்க கொண்டாரயில பச்சப்பசேல்னு இருந்திச்சு. நீங்க பேனாவ புடிச்சிக்கிட்டு நின்னதுலதான் வெந்து போச்சு. கேளுங்க, படிச்ச புள்ள இங்கதானே நிக்குது."

நான் வானத்தைப் பார்த்தேன். (பாதி வெந்தது எங்கள் வாசலில்.)

முதலாளி பேனாவைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். பிறகு மனுவை நான்காக மடித்து என் சட்டைப் பையில் செருகினார்.

"எறக்குங்க. நாளையில இருந்து தினமும் கொண்டாங்க. ஆனா ஒண்ணு, இன்னொரு மனு மட்டும் எழுதிப் போடாதீங்க."

ஊர் பிழைத்தது. ஆனால் முதலாளி கோயமுத்தூர்க்காரர் அல்லவா, நஷ்டத்தைத் தன் கணக்கில் எழுதுவாரா? அந்த லாரிக் கொழுந்தில் அரைத்த தூளை எவனும் ஏலத்தில் எடுக்கவில்லை. கொழுந்துக்குக் காசுக்குப் பதிலாக அந்தத் தூளையே வீட்டுக்கு ஒரு மூட்டை அனுப்பிவிட்டார். ஊரே மாதக்கணக்கில் அதைத்தான் குடித்தது. 'பி.ஏ. டீ' என்று பெயரும் வைத்தது.

இத்தலார் என்ற ஊரிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தபோதும் வீட்டில் அந்தத் தூள்தான் இருந்தது. பிற்பாடு என் மாமனார் ஆனவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏனுங்க, இது கசாயமுங்களா?" என்று கேட்டார்.

அம்மா பதற்றத்தில், "இல்லீங்க, பையன் பி.ஏ.வுங்க" என்றாள்.

அதற்குப் பிறகும் பெண் கொடுத்தார்கள் என்பது என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிற குறை.

போன வாரம் என் மகள் ஒரு வேலைக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் விரல் நின்றது. நிமிர்ந்து, "அப்பா, இதுக்கு அடுத்து என்னங்கப்பா வரும்?" என்றாள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி அலறினாள்: "கண்ணு, அவரைக் கேக்காதே! அடுப்புல பாலு வெச்சிருக்கேன்!"