பார்க்காத கோட்டையின் நிறம்

சம்பந்தி சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். அதைப் பார்த்ததுமே புரூஃப் ரீடர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கோட்டைச் சுவர் என்ன நிறம்னு சொன்னீங்க?"

"நான் இன்னும் சொல்லலையே."

"அதான் கேக்கறேன்."

சம்பந்தி முப்பது வருஷம் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புரூஃப் ரீடரின் மருமகளுக்கு அப்பா. சாதாரணமாக "சௌக்கியமா?" என்று அவர் கேட்டாலே, எதிரில் இருப்பவர் நேற்று ராத்திரி எங்கே இருந்தோம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு தேடி வந்திருந்தார், கோடைப் பயணத்துக்குத் திட்டம் போட. இரண்டு குடும்பமும் சேர்ந்து கிளம்புவதாக ஏற்பாடு. முதலில் கோட்டை நகரம், அடுத்து மணிக்கூண்டு நகரம், பிறகு கடற்கரை ஊர்கள் இரண்டு. மொத்தம் எட்டு நாள். இந்த வீட்டிலிருந்து யாரும் கோடையில் ஊர் சுற்றக் கிளம்பியதே இல்லை. இதுதான் முதல் தடவை.

இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. புரூஃப் ரீடர் ஏற்கெனவே போயிருக்கிறார். அதாவது, போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மகனுக்குப் பெண் பார்க்கப் போன அன்று நடந்தது அது. தான் வேலை பார்த்த ஊர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்த சம்பந்தி, "நீங்க வெளியூரெல்லாம் போய்ப் பழக்கமில்லையோ?" என்று கேட்டுவிட்டார். கேட்ட விதத்தில் ஒரு சின்ன இளக்காரம் இருந்தது. பிள்ளை வீட்டார் அதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? "நான் பார்க்காத ஊரா! கல்யாணத்துக்கு முன்னாடியே கோட்டை, மணிக்கூண்டு, கடற்கரைன்னு நாலு ஊரையும் காலால அளந்தவன்" என்று புரூஃப் ரீடர் சொல்லிவிட்டார். சொல்லும்போது முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. அன்றிலிருந்து அந்த முதுகில் வியர்வை நிற்கவில்லை.

அந்த ஊர்களை அவருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அவர் வேலை பார்த்த அச்சகத்தில் அந்த வட்டாரத்துக்கான பயணக் கையேடு பன்னிரண்டு பதிப்பு வந்தது. பன்னிரண்டுக்கும் எழுத்துப் பிழை பார்த்தவர் அவர்தான். கோட்டைக்கு இருநூற்றுப் பதினான்கு படி. அகழியின் அகலம் பதினெட்டு மீட்டர். மணிக்கூண்டு மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மூடியிருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஆனால் பிழை பார்க்க வரும் தாளில் படம் இருக்காது. படம் வரவேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் போட்டு, நடுவில் 'படம் இங்கே' என்று எழுதியிருக்கும். அச்சாகி வந்த புத்தகத்தை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. தப்பிப்போன பிழை ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் மானம் போய்விடுமே! ஆகவே கோட்டை என்றால் அவருக்கு இருநூற்றுப் பதினான்கு படியும் ஒரு வெள்ளைக் கட்டமும்தான்.

"சிவப்பு" என்றார்.

சம்பந்தி எழுதிக்கொண்டார்.

மருமகள் செல்போனை நீட்டினாள். "மாமா, இதுல கறுப்பாத் தெரியுதே?"

"அது... அப்ப சிவப்பா இருந்துச்சும்மா. வெயில், மழை. நாப்பது வருஷமாச்சே, கறுத்திருக்கும்."

"கல்லு கறுக்குமா?" என்றார் சம்பந்தி, நோட்டிலிருந்து தலை நிமிராமல்.

"மேற்குப் பக்கம் சிவப்புத்தாங்க. காரை உதிர்ந்த இடத்துல நல்லாத் தெரியும்."

சொன்னது புரூஃப் ரீடரின் மனைவி. சமையலறை வாசலில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்மா?" என்றார் சம்பந்தி.

"எங்கேயோ கேட்ட ஞாபகம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

புரூஃப் ரீடருக்குக் கண் கலங்கியது. இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அவள் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. புருஷன் மானத்துக்காக இன்று முதல் பொய்யைச் சொல்லிவிட்டாள். கூடவே ஒரு கவலையும் வந்தது. அவர் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றவே வழியில்லை. இப்போது வீட்டில் இரண்டு பொய்.

இனிக் கோட்டை நகரத்தையே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதுதான் புத்தி என்று தோன்றியது.

"சம்பந்தி, கோட்டை வேண்டாம்னு நினைக்கறேன். இருநூத்திப் பதினாலு படி. உங்க முழங்காலுக்கு ஆகாது."

"தினமும் எட்டு கிலோமீட்டர் நடக்கறேன். என் முழங்காலுக்கு என்ன?"

"சரி, எனக்கு ஆகாது."

"காலால அளந்தவர்னு சொன்னீங்களே?"

மகன் சிரித்தான். "விடுங்க மாமா. அப்பா நமக்கு வழி காட்டட்டும். கைடு எதுக்குத் தண்டமா? நாலு ஊருக்கும் அப்பாதான் கைடு!"

"நல்ல யோசனை" என்றார் சம்பந்தி. நோட்டில் 'வழிகாட்டி: சம்பந்தி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

புரூஃப் ரீடர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலு ஊரில் எட்டு நாள். ஒவ்வொரு தெருமுனையிலும் இடப்பக்கமா வலப்பக்கமா என்று எல்லோரும் தன் முகத்தையே பார்க்கப் போகிறார்கள். பின்னால் அந்த நோட்டுப் புத்தகமும் வரும்.

"நேரா கடற்கரைக்கே போயிடலாமே" என்றார் அவசரமாக. கடல் எங்கேயும் கடல்தானே, தெரியாதவன் தெரிந்தவன் என்று அது பார்க்காது. "மணிக்கூண்டு நகரத்துலேர்ந்து கழிமுகம் வரைக்கும் பஸ். அங்கே இறங்கிப் படகுல அக்கரைக்குப் போகணும்."

"படகா? எத்தனை நாழி?"

"பத்து நிமிஷம். ஆனா காத்து அடிச்சா விட மாட்டான்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்பப் பாலம் வந்துடுச்சாம். படகெல்லாம் எடுத்துட்டாங்களாம்."

ஐயோ, மூன்றாவது பொய்! புரூஃப் ரீடர் எழுந்து சமையலறைக்கு ஓடினார்.

"ஏன்டி, நீ வேற?" என்று கிசுகிசுத்தார். "அவர் ஆராய்ஞ்சு பார்க்கற ஆளு. பாலம் கீலம்னு இஷ்டத்துக்கு அடிச்சு விடாதே. மாட்டிக்குவோம்."

"நான் என்ன அடிச்சு விட்டேன்?"

"எனக்காகத்தான் சொல்றேன்னு புரியுது. ஆனா போதும். இந்த வீட்டுல பொய் சொல்ல ஒரு ஆள் போதும்."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தாள். அதற்குள் கூடத்திலிருந்து மகன் கத்தினான்.

"அட, ஆமாப்பா! பாலம் கட்டி மூணு வருஷம் ஆச்சாம். அம்மா கரெக்டாச் சொல்றாங்களே!"

'புண்ணியவதி, குருட்டாம்போக்கில் சொன்னதுகூடப் பலிக்கிறதே!' என்று புரூஃப் ரீடர் வியந்தார். பாவம், வெளியூர் என்று அவள் போவது அக்கா வீடு ஒன்றுதான். கோடை வந்தால் அச்சகத்தில் பாடப் புத்தக வேலை நெருக்கும், அவருக்கு லீவு கிடையாது. மகன் தலையெடுத்த பிறகு அவள் கோடைதோறும் பத்து நாள் அக்காவோடு இருந்துவிட்டு வருவாள். இந்த வருஷம் அவர் ஓய்வு பெற்றதால்தான் இந்தப் பயணமே.

அவர் கூடத்துக்குத் திரும்பியபோது சம்பந்தி அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தார்.

"கடற்கரையில எங்க தங்கினீங்க?"

கையேட்டில் அந்த ஊருக்கு ஒரே ஒரு விடுதிதான் போட்டிருந்தது. "கலங்கரை விளக்கத்துக்கு எதிர்ல. மாடி வச்ச விடுதி. இப்ப இடிச்சிருப்பாங்க."

"இல்லையே மாமா, இருக்கே!" என்றாள் மருமகள். "நம்பரும் இருக்கு. அங்கேயே ரூம் போட்டுடலாமா?"

"பழைய ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்கம்மா. சுத்தம் எப்படியோ..."

"ஆள் போயிடுவான், ரிஜிஸ்டர் எங்க போகும்?" என்றார் சம்பந்தி. அவர் முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு களை வந்திருந்தது. "எத்தனை விடுதி ரிஜிஸ்டரைப் புரட்டியிருக்கேன் தெரியுமா? பழசைத் தூக்கிப் போடவே மாட்டானுங்க. உங்க கையெழுத்து இருந்தா அதை ஒரு போட்டோ எடுத்து ஃபிரேம் போட்டு உங்களுக்குப் பரிசாத் தரேன். போடும்மா போனை. ஸ்பீக்கர்ல போடு."

தூக்குமேடையில் நிற்பவனுக்குக்கூடக் கடைசி ஆசை என்ன என்று கேட்பார்கள். புரூஃப் ரீடரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மணி அடித்தது. நாலாவது மணியில் ஒரு வயதான குரல் எடுத்தது. மானேஜராம். முப்பத்தைந்து வருஷமாக அங்கேதான் இருக்கிறாராம். பழைய ரிஜிஸ்டர் எல்லாம் பரணில் பத்திரமாக இருக்கிறதாம். சம்பந்தி தன் பழைய உத்தியோகத்தையும், தேட வேண்டிய பேரையும் வருஷத்தையும் சொன்னதும், பரணில் ஏறும் சத்தமே போனில் கேட்டது.

கால்மணி நேரம் ஆயிற்று. புரூஃப் ரீடர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் கண்ணுக்குப் பெரிய வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது.

"சார், நீங்க சொன்ன வருஷம், முன்னப் பின்ன ரெண்டு வருஷம் எல்லாம் பார்த்துட்டேன். அந்தப் பேர்ல யாரும் தங்கலையே."

சம்பந்தி மெல்லத் திரும்பினார். அந்தப் பார்வையில் எத்தனையோ பேர் வாக்குமூலம் கொடுத்திருப்பார்கள்.

"பேரைத் தப்பா எழுதியிருப்பாங்க" என்றார் புரூஃப் ரீடர். "உலகத்துல பிழைக்கா பஞ்சம்?"

"பேர் தப்பா இருந்தா பரவாயில்லைங்க, விலாசத்தை வச்சுப் பிடிச்சிடலாம்" என்றது போன். "நான் எல்லாரையும் விலாசத்துலதான் ஞாபகம் வச்சிருப்பேன். வீட்டு நம்பர், தெரு சொல்லுங்க."

"போதுங்க, போனை வைங்க!" மனைவி கூடத்துக்கே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "பாவம், வயசானவரு. அவருக்கு வேலை இருக்காதா? சாப்பாட்டு நேரமாச்சு, எல்லாரும் கை கழுவுங்க."

அவளுக்கும் பயம் வந்துவிட்டது. இதுவரை தனக்காக நிமிர்ந்து நின்றவள், இப்போது போனை வைக்கச் சொல்கிறாள். புரூஃப் ரீடருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவள் மானத்தையும் சேர்த்து அடகு வைத்தா பிழைப்பது? போதும். விலாசத்தைக் கொடுத்துவிடுவோம். ரிஜிஸ்டரில் இல்லை என்று அந்த மனிதர் சொல்லட்டும். சொன்னதும் எழுந்து நின்று உண்மையை ஒப்புக்கொள்வோம். தலை போனாலும் முதுகு நிமிர்ந்தே போகட்டும்.

வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"என்னங்க..." என்றாள் மனைவி.

"நீ பேசாம இரு. நான் பார்த்துக்கறேன்." அவர் எழுந்து நின்றார். "சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அதற்குள் போன் சந்தோஷமாகக் கூவியது.

"அடடா, அந்த வீடா! அதை முதல்லயே சொல்லக் கூடாதா சார், என்னைப் பரண்மேல ஏத்திட்டீங்களே! பன்னிரண்டு வருஷமா கோடை லீவு விட்டதும் அக்காவும் தங்கச்சியுமா வந்து அதே மாடி ரூம்ல பத்து நாள் ஜாலியா இருந்துட்டுப் போறாங்களே அந்தம்மா, வாசப்படி தாண்ட பயப்படற அவங்க வீட்டுக்காரரை இந்த வருஷமாவது கூட்டிட்டு வர்றாங்களா?"